சாவுக்கு அடித்த பறை உரிமைக்கு ஒலித்தது எப்படி? ஓசூர் எல்லையில் மூன்று மொழிகளில் கேட்கும் சாதி எதிர்ப்புப் பாடல்கள் | எளிய விளக்கம்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் காதில் விழும். சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து காய்கறி மூட்டையோடு வருகிறவர்கள் என எல்லோரும் கலந்து நிற்கும் ஊர் இது. தொழிற்சாலை கேன்டீனில் யாரும் தனி டம்ளர் தருவதில்லை. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால், பல கிராமங்களில் 'ஊர்' ஒரு பக்கம், 'காலனி' இன்னொரு பக்கம் என்ற கோடு இன்னும் அழியவில்லை.

அந்தக் கோட்டுக்கு எதிராக இந்த எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே தோல் கருவியை வைத்துக்கொண்டு பாடி வருகிறார்கள். தமிழில் அதன் பெயர் பறை, தப்பு. கன்னடத்தில் தமட்டே. தெலுங்கில் டப்பு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாட்டை வைத்து நிறவெறியை எதிர்த்த கதை நமக்குத் தெரியும். நம்ம பக்கத்தில் அந்த வேலையைச் செய்த பாடல்கள் எவை? பாட்டால் உண்மையில் எதை மாற்ற முடியும்? பார்க்கலாம்.

சுருக்கமாக:

- ஒரு காலத்தில் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்ட பறைதான் பின்னாளில் சாதி எதிர்ப்பின் அடையாளமானது.
- கோலார் தங்கவயலும் பெங்களூரும் இந்த வரலாற்றில் முக்கியமான இடங்கள்.
- பாட்டு பயத்தைக் குறைக்கும், ஆட்களைச் சேர்க்கும், நடந்ததை மறக்க விடாது. ஆனால் சட்டம் செய்ய வேண்டிய வேலையைப் பாட்டு செய்யாது.

நிறவெறிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒன்றல்ல. நிறவெறி தோலைப் பார்த்துப் பிரித்தது. சாதி பிறப்பைப் பார்த்துப் பிரிக்கிறது. ஆனால் பிரித்து வைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பஸ்ஸில் தனி இருக்கை, தனித் தண்ணீர்க் குழாய், தனிப் பள்ளி, தனிக் கல்லறை என்று சட்டமே போட்டிருந்தார்கள். இங்கே 1950லேயே அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் டீக்கடையில் தனி டம்ளர், தனிச் சுடுகாடு, தேர் வராத தெரு என வழக்கத்தில் அது நீடித்தது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து ஒரு சுவரே எழுப்பியிருந்தார்கள். அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதத்தில்தான்.

'காலனி' என்ற சொல்லே இழிவுக் குறியாக மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

இந்தப் பகுதிக்கும் இதில் கசப்பான வரலாறு உண்டு. 2012 நவம்பர் 7 அன்று பக்கத்து மாவட்டமான தர்மபுரியில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய 3 தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாகின. ஒரு சாதி மறுப்புத் திருமணம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. கிருஷ்ணகிரி 2004 வரை இதே தர்மபுரி மாவட்டத்தோடுதான் இருந்தது.

2018 நவம்பரில் ஓசூர் அருகே சாதி மறுத்துத் திருமணம் செய்த ஒரு இளம் தம்பதி கொல்லப்பட்டனர். உடல்கள் கிடைத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவின் மண்டியா மாவட்டத்தில், காவிரி ஆற்றில். அந்த இளைஞர் போட்டிருந்த டி-சர்ட்டில் இருந்த அம்பேத்கர் படமும் எழுத்தும்தான் அவர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க போலீசுக்கு உதவின.

எனவே இங்கே பாடப்படும் சாதி எதிர்ப்புப் பாட்டை பழைய கதை என்று ஒதுக்க முடியாது.

அமெரிக்காவில் பாட்டு என்ன செய்தது?

உலகம் முழுக்கத் தெரிந்த 'வீ ஷல் ஓவர்கம்' பாடலின் பயணம் ஒரு தொழிற்சாலை வழியாகத்தான் போனது. ஓசூர் வாசகர்களுக்கு இது கூடுதலாகப் புரியும்.

அதன் வேர் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு. 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதில் முன்னணியில் நின்றவர்கள் கறுப்பினப் பெண் தொழிலாளர்கள். மறியல் நடந்த இடத்தில் அந்தத் தேவாலயப் பாட்டையே பாடினார்கள். அங்கேதான் 'நான்' என்றிருந்தது 'நாம்' என்று மாறியது. ஒரே ஒரு சொல். ஆனால் அதற்குப் பிறகு அது தனி மனித வேண்டுதலாக இல்லை, கூட்டத்தின் பாட்டாக ஆகிவிட்டது.

தொழிலாளர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொண்ட சில்ஃபியா ஹார்ட்டன், டென்னசி மாநிலத்தின் ஹைலேண்டர் பயிற்சிப் பள்ளியில் பாடவைத்தார். பீட் சீகர் அதைப் பரப்பினார். 1960இல் கை கரவான் மாணவர் இயக்கத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியிலும் அது ஒலித்தது. 1965 மார்ச்சில் வாக்குரிமைச் சட்டம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் லிண்டன் ஜான்சன், அந்தப் பாட்டின் தலைப்பையே தன் பேச்சில் சொன்னார். தொழிற்சாலை வாசலில் பாடியது அதிபர் வாய்க்குப் போக 20 வருடம் ஆனது.

இந்தியாவில் அதன் இந்தி வடிவத்தை எழுதியவர் கவிஞர் கிரிஜா குமார் மாத்தூர். நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் அதைப் பாடியிருப்போம், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே.

சிறையிலும் பாட்டு வேலை செய்தது. 1961இல் பஸ்ஸில் ஒன்றாக உட்கார்ந்து பயணம் செய்ததற்காக மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில் அடைக்கப்பட்ட இளைஞர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். பாட்டை நிறுத்தாவிட்டால் மெத்தையைப் பிடுங்குவோம் என்று காவலர்கள் மிரட்டினார்கள். மெத்தை போனது. பாட்டு நிற்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் விலை இன்னும் அதிகம். நிறவெறி அரசுக்கு எதிராகப் பாடல்கள் எழுதிய தொழிற்சங்கத் தலைவர் வூயிசிலே மினி 1964 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். பாடகி மிரியம் மகேபா 1960 முதல் 30 வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் வெளிநாடுகளில் வாழ்ந்தார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பறைக்கு என்ன ஆச்சு?

வட்டமான மரச் சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டி, தீயில் காய்ச்சி, இரண்டு குச்சிகளால் அடிப்பது பறை. சங்க இலக்கியத்திலேயே பல வகைப் பறைகள் வருகின்றன. போருக்கு, அறுவடைக்கு, வெள்ளம் வந்தால் எச்சரிக்க எனப் பல தேவைகளுக்கு அடித்தார்கள்.

பின்னாளில் அது சாதியோடு கட்டப்பட்டது. சாவு வீட்டுக்குப் பறையடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது, குழி வெட்டுவது ஆகியவை குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர்களின் 'கடமை' ஆக்கப்பட்டன. இஷ்டம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அடிக்க மாட்டேன் என்றால் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, ஊர் விலக்கு.

இதற்கு தலித் மக்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

முதல் பதில், மறுப்பு. 'இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தார்கள். தீண்டாமை பற்றி 1969இல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள், தன் பகுதியான அன்றைய தென்னார்க்காட்டில் பறையடிக்க மறுக்கும் இயக்கத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவர். வீட்டில் பறை இருந்தாலே அவமானம் என்று நினைத்து எரித்தவர்களும் உண்டு.

இரண்டாவது பதில், மீட்பு. 'கருவி என்ன தப்பு செய்தது? யாருக்காக அடிக்கிறோம் என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம்' என்றார்கள். 1980, 90களில் தலித் இயக்கங்களின் மேடைகளுக்குப் பறை வந்தது. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழுவில் இளம் தலித் பெண்கள் பறையை ஏந்தி ஆடினார்கள். ஆண்கள் மட்டும், அதுவும் சாவுக்கு மட்டும் அடித்த கருவியைப் பெண்கள் மேடையில் அடித்தபோது இரண்டு தடைகள் ஒரே நேரத்தில் உடைந்தன.

பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டு பதிலும் கேட்டது ஒன்றைத்தான்: அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை. கட்டாயத்தில் அடித்தால் அது அடிமைத்தனம். அதே கை, அதே தோல், சொந்த விருப்பத்தில் அடித்தால் அது கலை. இந்த வித்தியாசம் புரிந்தால் மொத்த வரலாறும் புரியும்.

இன்று நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது? கர்நாடகாவின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தமட்டே கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கருவிக்கு நாட்டின் விருது. ஆனாலும் சாவுக்குப் பறையடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லையைத் தொட்டபடி இருப்பது கோலார் மாவட்டம். அங்கேதான் கேஜிஎஃப், கோலார் தங்கவயல். 1880களில் பிரிட்டிஷ் கம்பெனி பெரிய அளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கே குடியேறினார்கள். சுரங்க வேலை உயிரைக் குடிக்கும் வேலை. ஆனால் கையில் ரொக்கக் கூலி வந்தது, பண்ணையார் இல்லை. படிப்பும் பத்திரிகையும் சங்கமும் அங்கே வளர்ந்தன.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்கும் அவரது பௌத்த இயக்கத்துக்கும் தங்கவயல் பெரிய கோட்டையாக இருந்தது. அவர் மறைவுக்குப் பிறகு, 1920களில் ஜி. அப்பாத்துரையார் 'தமிழன்' பத்திரிகையைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். அயோத்திதாசர் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் கழித்து அது ஒரு இசைக்குழுவின் பெயராக வரும்.

பெங்களூரு பக்கம் கதை 1970களில் சூடுபிடித்தது. 1973இல் அமைச்சர் பி. பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் நிறைய 'பூசா', அதாவது மாட்டுத் தீவனம் என்று பேசினார். அவருக்கு எதிராகக் கலவரம் வெடித்தது, பதவி போனது. அந்தக் கோபத்தில் திரண்ட இளைஞர்கள்தான் தலித் சங்கர்ஷ சமிதியை உருவாக்கினார்கள். பி. கிருஷ்ணப்பா, தேவனூர் மகாதேவா, கவிஞர் சித்தலிங்கையா ஆகியோர் அதன் முன்னோடிகள்.

1975இல் வந்த சித்தலிங்கையாவின் 'ஹொலெமாதிகர ஹாடு' தொகுப்பு கன்னடத்தில் பெரிய திருப்பம். தலைப்பிலேயே இரண்டு தலித் சாதிகளின் பெயர் இருந்தது. வசைச் சொல்லாகப் பயன்பட்ட பெயர்களைத் தலைப்பாக வைத்தார். அவருடைய பாடல்களைத் தமட்டே அடித்தபடி ஊர் ஊராகப் பாடினார்கள். 2021 ஜூனில் கொரோனாவில் அவர் இறந்தபோது கட்சி வேறுபாடு இல்லாமல் கர்நாடகா அஞ்சலி செலுத்தியது. கோலாரில் எழுத்தாளர் கோட்டிகானஹள்ளி ராமையா உருவாக்கிய 'ஆதிமா' அமைப்பு பாட்டையும் நாடகத்தையும் சேர்த்து வளர்த்தது.

தெலுங்கில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெரிய பெயர் கத்தார். தோளில் கம்பளி, கையில் கோல், பக்கத்தில் டப்பு. 1985இல் ஆந்திராவின் காரம்சேடுவில் தலித்துகள் கொல்லப்பட்ட பிறகு அதைப் பற்றி அவர் பாடிய பாட்டு மாநிலம் முழுக்கப் பரவியது. 1997இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் தப்பிய அவர், 2023 ஆகஸ்டில் காலமானார்.

தமிழில் யார் யார் பாடினார்கள்?

சாதிக்கு எதிரான குரல் தமிழில் சித்தர் பாடல்களிலிருந்தே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' கோயிலுக்குள் போக முடியாத ஒருவரின் ஏக்கத்தைப் பாடியது. ஆனால் நந்தனார் கேட்டது கடவுளின் கருணையை. பின்னால் வந்த போராட்டப் பாட்டு கருணை கேட்கவில்லை, உரிமை கேட்டது. பக்திப் பாட்டுக்கும் போராட்டப் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அந்தக் காலகட்டத்தின் கோபம் தமிழ்க் கவிதையையும் பாட்டையும் மாற்றியது.

கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அந்தக் கோபத்தின் பாட்டு. அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்து, நாட்டுப்புறப் பாடகராக, 'பலியாடுகள்' நாடக ஆசிரியராக, புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியராக வாழ்ந்தவர். பள்ளிப் பருவத்தில் பட்ட சாதி அவமானங்களைத் தன் 'வடு' நூலில் எழுதியிருக்கிறார். 2016 ஜனவரியில் குணசேகரன் காலமானார். அதே வருடம் டிசம்பரில் இன்குலாப். இன்குலாப்புக்கு மறைவுக்குப் பின் 2017இல் அறிவிக்கப்பட்ட சாகித்ய அகாடமி விருதை அவர் குடும்பம் வாங்க மறுத்துவிட்டது. பாட்டின் பெயரையே தலைப்பாக வைத்து, பிணத்தைப் பொதுப் பாதையில் கொண்டுபோகப் போராடும் ஒரு தலித் மகனின் கதையை இயக்குநர் அம்ஷன் குமார் 2017இல் படமாக எடுத்தார்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, தேவாலயப் பாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். பறையைக் கோயிலுக்குள் விடலாமா என்ற கேள்வி கிறிஸ்தவர்களிடமும் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

2018 ஜனவரி 6. சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீடு, ஆணவக் கொலை, மாட்டுக்கறி என்று சினிமாப் பாட்டு தொடாத விஷயங்களைப் பாடினார்கள். பெயர் எங்கிருந்து வந்தது? அயோத்திதாசரின் அதே 'சாதிபேதமற்ற'. அவர் இயக்கத்தைத் தங்கவயல் தொழிலாளர்கள் தூக்கிப் பிடித்திருக்காவிட்டால் அந்தச் சொல் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

பாட்டு உண்மையில் என்ன வேலை செய்கிறது?

1. படிக்கத் தெரியணும்னு அவசியமில்லை. துண்டுப் பிரசுரம் படித்தவருக்கு மட்டும். பாட்டு எல்லோருக்கும்.

2. ஒருவர் பாட, கூட்டம் திருப்பிப் பாடும். அதனால் கேட்க வந்தவரும் பேசியவராக ஆகிவிடுகிறார். தனியாகச் சொல்லப் பயப்படும் விஷயத்தை 200 பேரோடு சேர்ந்து சொல்லலாம். 'இவன்தான் சொன்னான்' என்று ஒருவரை மட்டும் காட்டுவது கஷ்டம்.

3. ஊர்ப் பெயர், சம்பவம், தேதி மறக்காது. கீழ்வெண்மணி, காரம்சேடு எல்லாம் பாடப் புத்தகத்தைவிடப் பாட்டு வழியாகத்தான் பலருக்குத் தெரியும்.

4. வரியை மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு ஊர்ப் பெயரைப் போட்டால் பாட்டு அங்கேயும் பொருந்தும். அமெரிக்காவிலும் இதே முறைதான்.

5. மொழி தெரியாவிட்டாலும் அடி புரியும். ஓசூர் மாதிரி மும்மொழி ஊரில் இது முக்கியம். கன்னடத் தமட்டே கேட்டு வளர்ந்தவருக்குத் தமிழ்ப் பறையின் தாளம் புதிது இல்லை.

6. இடத்தைக் கேட்கிறது. எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடவில்லையோ, அந்தத் தெருவில் ஏப்ரல் 14 அன்று பறையடித்து ஊர்வலம் போவதே ஒரு கோரிக்கைதான். அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலப் பாதைக்காகப் பல ஊர்களில் தகராறு வருவது இதனால்தான்.

பாடுகிறவர்களுக்கு ஆபத்து இருக்கா?

இருக்கிறது. 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். அது சாதிப் பாட்டு இல்லை. ஆனால் ஒரு பாட்டுக்கே அவ்வளவு பெரிய பிரிவு பாயும் என்று காட்டியது. மகாராஷ்டிராவில் கபீர் கலா மஞ்ச் குழுவைச் சேர்ந்த 3 பேரை 2020 செப்டம்பரில் என்ஐஏ கைது செய்தது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடகி இசைவாணி, பெண்களின் கோயில் நுழைவு பற்றி முன்பு பாடிய ஒரு பாட்டுக்காக 2024 நவம்பரில் ஆபாச வசைகளையும் மிரட்டல்களையும் சந்தித்தார்.

மும்பையில் 1997 ஜூலை 11 அன்று ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 10 பேர் இறந்தார்கள். சில நாட்களில் தலித் பாடகர் விலாஸ் கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' ஆவணப்படம் அவர் கதையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஹிட் ஆனால் பாட்டு யாருடையது?

இது புது சிக்கல். 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அதை எழுதியதாகப் பாடகர் அறிவு சொன்னார். நிலத்தை உருவாக்கியவர்களுக்கு நிலம் இல்லை என்பதுதான் அந்தப் பாட்டின் மையம்.

ஆனால் 2021 ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் அட்டைப்படத்தில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் இதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பின்னர் பத்திரிகை அறிவுக்குத் தனியாக ஒரு அட்டை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கம் தந்தார்கள்.

யார் சொல்வது சரி என்பது ஒரு பக்கம். ஒரு சமூகத்தின் வலியிலிருந்து வரும் பாட்டு சந்தையில் வெற்றி பெறும்போது பெயரும் பணமும் யாருக்குப் போகிறது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. 'வீ ஷல் ஓவர்கம்' பாட்டின் காப்புரிமை பற்றியும் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2018இல்தான் அது எல்லோருக்கும் பொதுவானது என்று முடிவானது.

பாட்டு மட்டும் போதுமா?

போதாது. அமெரிக்காவில் பாட்டோடு பஸ் புறக்கணிப்பு, வழக்கு, வாக்காளர் பதிவு எல்லாம் சேர்ந்துதான் 1964, 1965 சட்டங்கள் வந்தன. இங்கே சட்டம் ஏற்கனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்த மக்களுக்குத் தைரியமும் தகவலும் வேண்டும். பாட்டு தைரியம் தரும். தகவல் இதோ:

- செத்த விலங்குகளை அகற்றுவது, அதுபோன்ற வேலைகளைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் கீழ் (1976 திருத்தம்) தீண்டாமைக் குற்றம்.
- பட்டியல் சாதியினர், பழங்குடியினரைப் பிணம் தூக்கவோ குழி தோண்டவோ கட்டாயப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.
- மறுத்ததற்காக ஊர் விலக்கு வைப்பது, கடையில் சாமான் தராமல் இருப்பது போன்ற சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே சட்டத்தில் குற்றம்.
- இந்த வழக்குகளை டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும்.
- புகாருக்கும் உதவிக்கும் தேசிய இலவச உதவி எண்: 14566. 24 மணி நேரமும் அழைக்கலாம்.

எல்லைப் பகுதிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை கர்நாடகாவில், வீடு தமிழ்நாட்டில் என்று இருந்தாலும் இவை மத்திய அரசின் சட்டங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செல்லும்.

அடுத்த முறை ஊர்வலத்தில் பறைச் சத்தம் கேட்டால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அடிக்கிறவர் விரும்பி அடிக்கிறாரா, அடிக்க வைக்கப்படுகிறாரா? விரும்பி என்றால் நின்று கேளுங்கள். அடிக்க வைக்கப்படுகிறார் என்றால் மேலே இருக்கும் நம்பர் போனில் இருக்கட்டும்.